பழைய எல்டிஓ-3 டேப் டிரைவ்: ‘கிளீன்’ விளக்கு அணைவதில்லை, படிக்கும் வேகமும் மிகக் குறைவு

அச்சுக்கோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய அச்சகத்தில், 2006ஆம் ஆண்டு வாங்கிய எல்டிஓ-3 டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் கருவி; எல்டிஓ அதன் வகை, 3 அதன் தலைமுறை) ஒன்று இருக்கிறது. தனிப் பெட்டியில் வந்து, ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையில் கணினியோடு சேரும் வகை. அந்தக் காலத்தில் நாங்கள் செய்த கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர் வரலாற்று நூல்கள் ஆகியவற்றின் பக்க வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் 41 டேப்களில் இருக்கின்றன. டிரைவ் எல்டிஓ-2 டேப்பிலும் எழுதும் என்பதால், தொடக்கத்தில் விலை குறைவான எல்டிஓ-2 டேப்களையே வாங்கினோம். அவை 14, மீதி 27 எல்டிஓ-3. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைத்த கோப்புகள் அவை. அந்த எழுத்துருக்களும் இதே டேப்களில்தான் உள்ளன. எழுத்துரு கிடைக்காவிட்டால் கோப்பைத் திறந்தாலும் வெறும் ஆங்கிலக் குறிகள்தாம் தெரியும். ஆகவே ஒரு டேப் போனாலும் எங்களுக்கு இழப்பு பெரிது.

இப்போது எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கிற்கு மாற்ற முயல்கிறேன். டிரைவில் டேப்பைப் போட்டு இருபது நிமிடம் ஆவதற்குள் ‘கிளீன்’ விளக்கு எரிகிறது. கிளீனிங் டேப் போட்டால் அணைகிறது, மறுபடியும் எரிகிறது. நேற்று மட்டும் ஐந்து முறை சுத்தம் செய்தேன். படிக்கும் வேகம் நொடிக்கு 3 அல்லது 4 மெகாபைட்தான் வருகிறது. டிரைவுக்குள் டேப் ஓடுவதும் நிற்பதும் பின்னோக்கி வருவதுமாக ஓயாத சத்தம் கேட்கிறது. சில டேப்களில் ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றும், இரண்டு டேப்களில் ‘கேனாட் அலோகேட் மெமரி’ என்றும் செய்தி வந்து படிப்பு நின்றுவிட்டது. ஒரு முறை டேப் வெளியே வர மறுத்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்ட பிறகே வந்தது. ஹெட் (நாடாவைப் படிக்கும் முனை) தேய்ந்துவிட்டதா? டிரைவைக் கழித்துவிட வேண்டியதுதானா?

நாடா அறை எழுதியது:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் ஒரு முடிவு வரும் வரை அச்சகக் கோப்புகள் உள்ள எந்த டேப்பையும் அந்த டிரைவில் போடாதீர்கள். டிரைவ் பழுதானால் வேறொன்று வாங்கலாம். டேப் ஒன்றுதான் இருக்கிறது. ஹெட்டில் ஒட்டியிருக்கும் துகள் அடுத்த டேப்பைக் கீறும். அந்த டேப்பிலிருந்து உதிர்வது அதற்கடுத்த டேப்பைக் கெடுக்கும். பத்தொன்பது ஆண்டுகளாக டேப் நூலகங்களைப் பார்த்துவரும் வேலையில் நான் கண்ட பெரிய இழப்புகள், பழுதான டிரைவில் ‘இதுவாவது படிக்கிறதா பார்ப்போம்’ என்று ஒவ்வொரு டேப்பாகப் போட்டுப் பார்த்ததால் வந்தவையே. சோதனைக்கு உங்களுக்குத் தேவையில்லாத டேப் ஒன்று வேண்டும். இல்லையென்றால் புதிதாக ஒரு எல்டிஓ-3 டேப் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற 41 டேப்களின் எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளையும் இன்றே பூட்டிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து கிளீனிங் டேப். அது சாதாரண டேப் அன்று. சற்றே சொரசொரப்பான நாடா. ஹெட்டை ஒவ்வொரு முறையும் சிறிதளவு தேய்க்கவே செய்யும். எல்டிஓ பொதுவகைக் கிளீனிங் டேப்பைப் பெரும்பாலும் 50 முறைதான் பயன்படுத்தலாம். அந்தக் கணக்கை உறைக்குள் இருக்கும் சிறு சில்லு வைத்திருக்கிறது. டிரைவ் அதைத் தொடாமலே ரேடியோ அலையில் படித்துக்கொள்ளும். கணக்கு முடிந்த டேப்பைப் போட்டால் டிரைவ் சுத்தம் செய்யாமலே வெளியே தள்ளிவிடும். உங்களுடையது எத்தனை முறை ஓடியது என்று தெரியாமல் ஒரே நாளில் ஐந்து முறை போட்டிருக்கிறீர்கள். இனி விளக்கு எரிந்தால் ஒரு முறை மட்டும் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் எரிந்தால் காரணம் அழுக்கு இல்லை என்றோ, அழுக்கு எங்கிருந்தோ மீண்டும் மீண்டும் வருகிறது என்றோதான் பொருள்.

சில விவரங்கள் தேவை. டேப்கள் எங்கே வைக்கப்பட்டிருந்தன? எந்த இயங்குதளம்? ஸ்கஸி கேபிளில் டிரைவைத் தவிர வேறு என்ன இணைந்திருக்கிறது? படித்த தரவு எந்த டிஸ்க்கில் போய் விழுகிறது? கெர்னல் பதிவில் (இயங்குதளம் எழுதிவைக்கும் குறிப்புகளில்) ‘மீடியம் எரர்’ என்று இருக்கிறதா, ‘ஹார்டுவேர் எரர்’ என்று இருக்கிறதா, ‘அபார்ட்டட் கமாண்ட்’ என்று இருக்கிறதா? முதலாவது டேப்பையோ ஹெட்டையோ காட்டும். இரண்டாவது டிரைவின் உட்பகுதியை. மூன்றாவது பெரும்பாலும் கேபிளை. பிழைச் செய்தி ஒன்றுபோலத் தோன்றினாலும் பார்க்க வேண்டிய இடம் முற்றிலும் வேறு.

டிரைவ் வைத்திருக்கும் டேப்-அலர்ட் கொடிகளையும், அதாவது எச்சரிக்கைக் குறிகளையும், பாருங்கள். மொத்தம் 64 கொடிகள். எஸ்ஜி-லாக்ஸ் கட்டளையால் படிக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரும்பாலான டிரைவ்களில் ஒரு முறை படித்தவுடன் அந்தக் கொடிகள் அழிந்துவிடும். முதல் முறை திரையில் வருவதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் கொடி டேப்பைக் குறை சொல்கிறது. 20 உடனே சுத்தம் செய்யச் சொல்கிறது. 22 கிளீனிங் டேப் தீர்ந்துவிட்டது என்கிறது. 30 வந்தால் டிரைவிலேயே கோளாறு.

சுத்தக்கை எழுதியது:

நான் பழைய டிரைவ்களைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்துப் பல முறை சரிசெய்திருக்கிறேன். இதற்கு இவ்வளவு விசாரணை தேவையா? மேல் மூடியைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை. படிக்காத டேப்களை டீகாஸர் என்ற காந்த அழிப்பான் வைத்து ஒரு முறை அழித்துப் புதிதாகவும் பயன்படுத்தலாம்.

ஒலிச்சுவடி எழுதியது:

சுத்தக்கை அவர்கள் சொல்வது எந்த டிரைவுக்கு என்பதைப் பொறுத்தது. நான் ஒலி ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். திறந்த சுருள் ஒலிநாடாக் கருவிகளில் பஞ்சும் ஆல்கஹாலும் அன்றாட வழக்கம். அங்கே ஹெட் அகலமானது, கைக்கு எட்டுவது. டிடிஎஸ் என்ற வேறு வகை டேப் டிரைவில் ஹெட் சுழலும் உருளையில் இருக்கிறது. அதை மேலும் கீழுமாகத் துடைத்தால் ஹெட் முனை உடைந்தே போகும். எல்டிஓவில் அரை அங்குல அகல நாடாவில் எல்டிஓ-3க்கு 704 தடங்கள். ஒரே நேரத்தில் 16 தடங்களை ஹெட் படிக்கிறது. பஞ்சின் ஓர் இழை அங்கே சிக்கினாலே போதும். அந்த டிரைவ்களுக்குள் ஹெட்டைத் துடைக்கும் சிறு தூரிகை ஏற்கெனவே இருக்கிறது. எல்லா வழியும் அடைந்த பிறகு, தூக்கி எறியப்போகும் டிரைவில் வேண்டுமானால் கையை வைக்கலாம்.

டீகாஸர் பற்றிய அறிவுரையை யாரும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். எல்டிஓ டேப்பில் ஹெட்டுக்கு வழிகாட்டும் ஐந்து சர்வோ பட்டைகளைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். டிரைவால் அவற்றை மறுபடி எழுத முடியாது. டீகாஸரில் காட்டிய எல்டிஓ டேப் எதற்கும் பயன்படாது.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்கிறேன். 1970கள், 80களின் ஒலிநாடாக்கள் சில, ஈரம் குடித்துப் பிசுபிசுப்பாகும்போது அவற்றை 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து எடுப்பது உண்டு. யாராவது அதை உங்களுக்கும் பரிந்துரைக்கக்கூடும். எல்டிஓ டேப்புக்கு அது பொருந்தாது. நாடாவின் தடிமன் எட்டு மைக்ரோமீட்டர்தான். வெப்பத்தில் அதன் அகலம் சிறிது மாறினாலும் தடங்கள் ஹெட்டோடு பொருந்தாமல் போகும். ஈரமான அறையிலிருந்து எடுத்த டேப்பை டிரைவ் இருக்கும் அறையில் ஒரு முழு நாள் உறையோடு வைத்திருந்து, பிறகு போடுவதே முறை.

அச்சுக்கோப்பு எழுதியது:

மிக்க நன்றி. நான் டிரைவைத் திறக்கவில்லை. கேட்ட விவரங்களைத் தருகிறேன்.

டேப்கள் தரைத்தளத்தில் இரும்பு பீரோவில் இருந்தன. அருகிலேயே பிளேட் கழுவும் தொட்டி. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் ஏறும். இயங்குதளம் லினக்ஸ். கணினி சென்ற ஆண்டு மாற்றியது. ஸ்கஸி அட்டை மட்டும் பழையது. படிக்கும் தரவு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்றில் விழுகிறது. அந்தக் கணினியின் முன்பக்கத் துளையில் செருகியிருக்கிறேன். அது யூஎஸ்பி 2 வகை.

ஸ்கஸி கேபிளில் டிரைவுக்கு அடுத்து ஒரு பழைய ஸ்கேனர் இருக்கிறது. 50 முனைக் கேபிள் கொண்டது. பல ஆண்டுகளாக அதை யாரும் இயக்கவில்லை, மின்சாரமும் கொடுக்கவில்லை. கேபிள் வரிசையின் கடைசி முனையை மூடும் டெர்மினேட்டர் ஸ்கேனரின் பின்புறம் இருப்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

கெர்னல் பதிவைப் பார்த்தேன். ‘அபார்ட்டட் கமாண்ட்’ என்ற வரிகளும் ‘ஸ்கஸி பாரிட்டி எரர்’ என்ற வரிகளும் மிகுதி. அவற்றின் பின் ‘பஸ் ரீசெட்’. ‘மீடியம் எரர்’ 17ஆம் எண் டேப்பிலும் 23ஆம் எண் டேப்பிலும் மட்டும் வந்திருக்கிறது. டேப்-அலர்ட்டில் 4, 20 ஆகிய கொடிகள் எழுந்திருந்தன.

நாடா அறை எழுதியது:

பாதி விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது.

முதலில் வேகம். எல்டிஓ-3 டிரைவ் அழுத்தப்படாத தரவை நொடிக்கு 80 மெகாபைட் வரை தரும். எதிர்முனை அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளாவிட்டால், டிரைவ் தன் ஓட்டத்தை ஓரளவு தணித்துக்கொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. யூஎஸ்பி 2 நடைமுறையில் நொடிக்கு முப்பது சொச்சம் மெகாபைட்தான் தரும், எல்லாம் நன்றாக இருந்தால். வாங்குபவர் பின்தங்கினால் டிரைவின் உள்நினைவகம் நிரம்பிவிடும், டேப் நிற்கும், ஓடும் பொருள் நின்ற இடத்திலேயே உடனே நிற்காது என்பதால் சற்றுப் பின்னோக்கி வந்து, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் போகும். நீங்கள் கேட்ட சத்தம் இதுதான். செருப்புக்குப் பாலிஷ் போடுபவர் துணியை முன்னும் பின்னும் இழுப்பதைப்போல நாடா ஹெட்டின் மேல் இழுபடுகிறது. ஒரு எல்டிஓ-3 டேப்பை முழுவதும் படிக்க நாடா 44 முறை முனைக்கு முனை ஓடவேண்டும்; 680 மீட்டர் நீளத்துக்கு அது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அந்த ஓட்டம் முழுவதும் இப்படித் தடுமாறினால் நாடாவும் ஹெட்டும் சேர்ந்து தேயும். ஆகவே கணினிக்குள் சாட்டா ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, டேப்பிலிருந்து நேரே அதற்குப் படியுங்கள். யூஎஸ்பிக்குப் பிறகு நகலெடுக்கலாம்.

ஸ்கேனரைப் பற்றி, பழைய யூனிக்ஸ் அவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்.

பழைய யூனிக்ஸ் எழுதியது:

சொல்கிறேன். உங்கள் டிரைவ் எல்விடி வகை ஸ்கஸி, ஒவ்வொரு குறிப்பலையையும் இரு கம்பிகளில் அனுப்புவது. அந்த ஸ்கேனர் பெரும்பாலும் ஒரே கம்பியில் அனுப்பும் பழைய ஒற்றைமுனை வகையாக இருக்கும். ஒரே கேபிளில் ஒற்றைமுனைக் கருவி ஒன்று இருந்தால், முழு வரிசையும் ஒற்றைமுனை முறைக்கே இறங்கிவிடும். அதிகபட்ச வேகம் நொடிக்கு 40 மெகாபைட் ஆகிவிடும். கேபிள் நீளத்துக்கான எல்லையும் எல்விடியின் 12 மீட்டரிலிருந்து மூன்று மீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். ஸ்கேனருக்கு மின்சாரம் இல்லை என்பதால் அது வரிசையில் இல்லை என்று கருத வேண்டாம்; எந்த முறை என்று காட்டும் கம்பியை அது தரையோடு இணைத்தே வைத்திருக்கும்.

இதைவிட மோசமானது டெர்மினேஷன். 68 முனைக் கேபிளிலிருந்து 50 முனைக்கு இறங்கும் இடத்தில் மீதமுள்ள மேல் பைட்டின் கம்பிகளுக்கு அங்கேயே டெர்மினேஷன் கொடுக்கும் இணைப்பான் தேவை. அது இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளின் முனை திறந்தே கிடக்கும். குறிப்பலை அங்கு மோதித் திரும்பிவரும். பாரிட்டி எரர், அதாவது வழியில் தரவு பிறழ்ந்ததைக் காட்டும் பிழை, அதிலிருந்து வருவது இயல்பு. பிழை வந்தவுடன் பஸ், அதாவது அந்தக் கேபிள் வரிசை முழுவதும், ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை லினக்ஸின் டேப் டிரைவர் இழந்துவிடும். டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றும் வரை ஒவ்வொரு கட்டளைக்கும் ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றே பதில் தரும். உங்கள் டேப்களில் பல குற்றமற்றவை என்றே நினைக்கிறேன்.

ஸ்கேனரையும் அதன் கேபிளையும் முழுவதுமாகக் கழற்றுங்கள். டிரைவின் பின்புறமுள்ள இரண்டாவது துளையில், எல்விடிக்கும் ஒற்றைமுனைக்கும் பொதுவான 68 முனை டெர்மினேட்டரை நேரே பொருத்துங்கள். கழற்றுவதற்கு முன் எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். கேபிளின் முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளைந்த ஊசி ஒன்று போதும், இதே தொல்லையைத் தர.

‘கேனாட் அலோகேட் மெமரி’ என்பதற்கும் கணினியின் நினைவகத்துக்கும் தொடர்பில்லை. அந்தச் செய்தியால் மக்கள் ரேம் மாற்றியதையும் பார்த்திருக்கிறேன். டேப்பில் எழுதியபோது பயன்படுத்திய பிளாக் (ஒரு முறையில் எழுதப்படும் தரவுத் துண்டு) அளவைவிடச் சிறிய அளவில் நாம் படிக்கக் கேட்டால் லினக்ஸ் தரும் பதில் அது. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் நிரல் இயல்பாகப் பத்து கிலோபைட் பிளாக்கில் எழுதும். வேறு பேக்கப் மென்பொருள்கள் 64 கிலோபைட்டிலோ அதைவிடப் பெரிய அளவிலோ எழுதுகின்றன. டேப்பை இயக்கும் எம்டி கட்டளையால் பிளாக் அளவை 0 என்று அமையுங்கள். அதன் பொருள் மாறும் பிளாக் முறை. பிறகு தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் அளவை 256 கிலோபைட் என்று கொடுத்துப் படியுங்கள். டேப்பிலுள்ள பிளாக் அதற்கு மேற்படாத எந்த அளவில் இருந்தாலும் ஒவ்வொன்றாக வந்துவிடும்.

லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. படிக்கும்போது எஸ்டி0 என்ற பெயரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். என்எஸ்டி0 என்பதையே பயன்படுத்துங்கள். முன்னது ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். ஒரே டேப்பில் ஆறு இரவுகளின் பேக்கப் இருந்தால், முதல் இரவையே ஆறு முறை படித்துக்கொண்டிருப்பீர்கள். பின்னதில் ஒவ்வொரு டிடியும் ஒரு கோப்புக் குறியில் நிற்கும். அடுத்த டிடி அடுத்த பகுதியைத் தரும். முதல் ஓட்டத்திலேயே டேப் முழுவதையும் அப்படியே படிமமாக டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வதைப் பிறகு டிஸ்க்கில் செய்யலாம்; பட்டியல் எடுக்க ஒரு முறை, பிரித்தெடுக்க ஒரு முறை என்று டேப்பை ஓட்ட வேண்டாம்.

அச்சுக்கோப்பு எழுதியது:

ஸ்கேனரைக் கழற்றினேன். 50 முனை இணைப்பானில் நீங்கள் சொன்ன மேல் பைட் டெர்மினேஷன் இல்லை. புதிய டெர்மினேட்டரும் சாட்டா டிஸ்க்கும் பொருத்தி, புதிய டேப் ஒன்றில் 20 ஜிகாபைட் எழுதிப் படித்துப் பார்த்தேன். பாரிட்டி எரர் ஒன்றுகூட இல்லை. வேகம் நொடிக்கு 70 மெகாபைட்டுக்கு மேல். அந்தத் தடுமாற்றச் சத்தமும் இல்லை. ஐந்து நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் இன்று காலை மூன்றாவது முறை டேப்பைப் போட்டபோது, டிரைவ் அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கையிலேயே எல்லா விளக்குகளும் ஒரு கணம் அணைந்து எரிந்தன. டேப் பாதியில் நின்றது. கெர்னல் பதிவில் டிரைவ் புதிதாக இயக்கப்பட்டதுபோல் ‘பவர் ஆன்’ என்ற செய்தி. பத்து நிமிடம் காத்திருந்து எஜெக்ட் பொத்தானை அழுத்தினேன், வெளியே வந்தது. முன்பு டேப் வெளியே வர மறுத்ததும் இதுபோலத்தான்.

சால்டரிங் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன். இது என் துறை. காத்திருந்தது நல்லது. டேப் நடுவில் இருக்கும்போது மின்சாரம் போய் வந்தால் டிரைவ் மெதுவாக நாடாவைச் சுற்றி எடுக்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் இழுத்தால் நாடா உள்ளேயும் உறை கையிலும் வரும்.

பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையைச் சந்தேகப்படுகிறேன். 2006இல் செய்த சிறிய எஸ்எம்பிஎஸ். அதன் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் சரியாகக் காட்டும். மோட்டார்கள் ஒன்றாக இழுக்கும்போது சரியும். ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். டிரைவுக்குப் போகும் நான்கு கம்பி இணைப்பின் பின்புறத்திலிருந்து, சிவப்புக் கம்பியின் மேல் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்புக் கம்பியின் மேல் கறுப்பு முனையையும் நுழையுங்கள். அது 5 வோல்ட். மஞ்சள் 12 வோல்ட். டேப் போடாமல் ஒரு முறை, புதிய டேப்பைப் போட்டு உள்ளே இழுக்கும் நொடியில் ஒரு முறை படித்து எழுதுங்கள். 5 வோல்ட் 4.75க்குக் கீழே போகக் கூடாது. 12 வோல்ட் 11.4க்குக் கீழே போகக் கூடாது. பெட்டியின் பின்னாலுள்ள ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பவர் சப்ளையின் தகரப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். சுவிட்சை நிறுத்திய பிறகும் உள்ளே மின்னழுத்தம் நிற்கும்.

அச்சுக்கோப்பு எழுதியது:

அளந்தேன். சும்மா இருக்கையில் 5.03 வோல்ட். டேப்பை உள்ளே இழுக்கும்போது 4.68 வரை இறங்கியது. என் தம்பி மீட்டரைப் பார்த்து உரக்கச் சொன்னான், நான் எழுதினேன். மூன்று முறையும் அப்படித்தான். 12 வோல்ட் பெரிதாக அசையவில்லை. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் அதன் இறக்கைகளில் காகிதத் தூசு கம்பளம்போல் படிந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, தூரிகையால் தட்டி எடுத்தேன்.

டிரைவுக்கு மட்டும் மேசைக் கணினியின் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். இப்போது டேப் போடும்போதும் 4.96க்குக் கீழே இறங்கவில்லை. புதிய டேப்பை முப்பது முறை போட்டு எடுத்தேன். விளக்கு அணையவில்லை, பிழையும் இல்லை. இனி எங்கள் டேப்களைத் தொடலாமா?

நாடா அறை எழுதியது:

தொடலாம், வரிசை முக்கியம். 17, 23 இரண்டையும் தனியே வைத்துவிடுங்கள். மற்றவற்றில் முக்கியத்துவம் குறைந்த டேப்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு டேப்பையும் போடுவதற்கு முன், உறையின் மூலையிலுள்ள சிறு கதவை விரலால் மெல்லத் திறந்து பாருங்கள். உள்ளே நாடாவின் முனையில் குண்டூசியைப் போன்ற ஓர் உலோக ஊசி, இரண்டு பக்கமும் கவ்விகளில் நேராக நிற்கவேண்டும். டேப் கீழே விழுந்திருந்தால் அந்த ஊசி சாய்ந்திருக்கும். அந்த நிலையில் டிரைவ் அதைப் பிடிக்க முயன்றால் நாடா உள்ளே அகப்படும். உறைக்குள் வெள்ளைப் பொடியோ பூஞ்சையோ தெரிந்தால் போடவே போடாதீர்கள்.

எல்டிஓ-2 டேப்களில் அழுத்தப்படாத தரவின் வேகம் நொடிக்கு நாற்பது மெகாபைட்டைத் தாண்டாது. அது அந்தத் தலைமுறையின் அளவு, கோளாறு அன்று.

அச்சுக்கோப்பு எழுதியது:

பன்னிரண்டு நாட்கள் ஆயின. 39 டேப்களும் படிமமாக டிஸ்க்கில் வந்துவிட்டன. ‘கிளீன்’ விளக்கு இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரே முறை எரிந்தது. ஒரு முறை சுத்தம் செய்ததோடு சரி. ‘கேனாட் அலோகேட் மெமரி’ வந்த இரண்டு டேப்களும் பிளாக் அளவை மாற்றியதும் முழுவதும் வந்தன. எழுத்துருக்கள் இருந்த டேப்பும் அவற்றில் ஒன்று. 2007இல் செய்த ஒரு கோயில் மலரைத் திறந்து, எழுத்துருவை நிறுவியதும் என் அப்பா அமைத்த முதல் பக்கம் அப்படியே திரையில் வந்தது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இனி 17உம் 23உம். இரண்டும் எல்டிஓ-2. 17ஆம் டேப்பின் கதவைத் திறந்து பார்த்தபோது நாடாவின் ஓரம் சுருள் சுருளாக நெளிந்திருந்தது. ஊசியின் அருகில் மெல்லிய வெண்பொடி. பீரோவில் சுவரை ஒட்டி அடியில் இருந்தது அதுதான். யோசித்துப் பார்த்தால், முதல் நாள் அதைப் படிக்க முயன்ற பிறகே ‘கிளீன்’ விளக்கு தொல்லை தொடங்கியது. 23 வெளியே நன்றாகத் தெரிகிறது. ஆனால் 61 ஜிகாபைட் தாண்டியதும் மீடியம் எரர் வந்து நின்றுவிடுகிறது. இதற்காக எல்டிஓ-5 டிரைவ் ஒன்றைப் பழைய சந்தையில் வாங்கலாமா?

பழைய யூனிக்ஸ் எழுதியது:

எல்டிஓ-5 வேண்டாம். ஏழாம் தலைமுறை வரை எல்டிஓ டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளை மட்டுமே படிக்கும். ஐந்து என்றால் நான்கும் மூன்றும்; உங்கள் இரண்டு டேப்களும் எல்டிஓ-2. உங்களுக்கு வேண்டியது எல்டிஓ-4. அது 2007இல் வந்தது. ஸ்கஸி வகையிலும், எஸ்ஏஎஸ் என்ற பிற்கால இணைப்பு வகையிலும் கிடைக்கும். புதிய கணினிக்கு எஸ்ஏஎஸ் எளிது.

23ஐ இப்போதே ஓரளவு மீட்கலாம். பிழை வந்த இடத்தில் டிடி நின்றவுடன் டேப்பைச் சுற்றிவிடாதீர்கள். எம்டி கட்டளையின் எஃப்எஸ்ஆர் மூலம் சில பிளாக்குகளைத் தாண்டி, அங்கிருந்து புதிய கோப்பாக டிடியைத் தொடருங்கள். மறுபடி பிழை வந்தால் இன்னும் சற்றுத் தாண்டுங்கள். ஒரே இடத்தை மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். டார் நிரல் பின்பாதியைப் படிக்கும்போது அடுத்த தலைப்பைத் தேடிக்கொண்டு போகும்; இடையில் சிக்கிய கோப்புகள் மட்டும் போகும். பேக்கப்பை ஜிஜிப் கொண்டு அழுத்தியிருந்தால் இந்த வழி உதவாது. முறிந்த இடத்துக்குப் பின்னால் உள்ளதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். உங்களுடையது எது?

அச்சுக்கோப்பு எழுதியது:

ஜிஜிப் பயன்படுத்தவில்லை, டிரைவின் சொந்த அழுத்தம் மட்டுமே. நீங்கள் சொன்னபடி செய்தேன். இரண்டாவது முயற்சியில் தாண்டியது. 61 ஜிகாபைட்டுக்குப் பிந்தைய பகுதி கடைசி வரை வந்தது. டார் தலைப்பைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்தது. பழைய பட்டியலோடு ஒப்பிட்டதில் நான்கு கோப்புகள் இல்லை. அவற்றில் மூன்று வேறொரு வார பேக்கப்பில் கிடைத்துவிட்டன. மற்றது ஒரு திருமண அழைப்பிதழின் பட வருடல்.

17ஐ இந்த டிரைவில் இனிப் போடப் போவதில்லை. உறையின் மேல் சிவப்புத் தாள் ஒட்டி, சிலிக்கா ஜெல் பையோடு தனி டப்பாவில் மாடி அறையில் வைத்திருக்கிறேன். எல்டிஓ-4 எஸ்ஏஎஸ் டிரைவுக்குச் சென்னையில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாடா அறை எழுதியது:

அது வந்ததும் முதலில் உங்கள் புதிய சோதனை டேப்பை அதில் போட்டுப் பாருங்கள். 17ஐ அதற்குப் பிறகு, ஒரே ஓட்டமாக, டிஸ்க்கில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படியுங்கள். அந்த டேப் ஹெட்டில் உதிர்த்துவிட்டுத்தான் போகும். முடிந்தவுடன் ஒரு முறை சுத்தம் செய்துவிட்டு, சோதனை டேப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு வேறு எந்த டேப்பும் அதில் போக வேண்டாம்.